கீழிமைக்கு ஒட்டுத்திசு: அண்ணமா, காதா, விலைக்கு வாங்குவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் அம்மா ஒருவர், ஈப்போவில் கண் நிபுணரைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலையே மடித்த தாள் ஒன்றுடன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். தோட்ட மருந்தகத்தில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், மருத்துவமனைத் தாள் எதுவானாலும் அக்கம்பக்கத்தார் என்னிடம் கொண்டுவருவது வழக்கம். வலக் கண்ணின் கீழிமை கீழே இழுபட்டிருப்பதைச் சரிசெய்ய ஒட்டுத்திசு, அதாவது இமைக்குள் வைத்துத் தைக்கும் திசுத் துண்டு, வைக்க வேண்டும் என்று சொன்ன மருத்துவர், அதற்கான மூன்று வழிகளை அந்தத் தாளில் எழுதிக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது விருப்பத்தைச் சொல்லுமாறு கூறியிருந்தார். மகள் அவற்றை மேலண்ணம், காது, அல்லோடெர்ம் (விலைக்கு வாங்கும் பதப்படுத்திய தோல்) என்று தமிழில் எழுதி வைத்திருந்தாள். "ஐயா, இதுல எது நல்லது?" என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி.

எது நல்லது என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. எந்த உடம்பில், எந்த இடத்திலிருந்து எடுக்கலாம், எடுத்த இடத்துப் புண்ணை அந்த ஆள் எப்படித் தாங்குவார் என்று பார்த்த பிறகுதான் பொருளைப் பற்றிப் பேச முடியும். அந்த அம்மாவோடும் அவர் மகளோடும் மூன்று மாலை உட்கார்ந்து பேசியதையே இங்கே எழுதுகிறேன். இதே முடிவின் முன் நிற்கும் வேறு குடும்பங்களும் இருக்கும்.

முதலில் இமை ஏன் இறங்கியது என்பதைப் பார்ப்போம். கீழிமையின் ஓரம் இயல்பாகக் கருவிழியின் அடிவட்டத்தைத் தொட்டபடியோ அதற்குச் சற்று மேலேறியோ நிற்கும். அந்த அம்மாவை வாசல் விளக்கின் கீழ் நாற்காலியில் உட்கார வைத்து நேராகப் பார்க்கச் சொன்னபோது, வலக் கருவிழிக்குக் கீழே ஓர் அரிசி மணியின் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. தூங்கும்போது கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்ததாகவும், இமைகளுக்கு நடுவே கீற்றாக இடைவெளி இருந்ததாகவும் மகள் சொன்னாள். காலையில் எழுந்ததும் மணல் விழுந்தது போல் உறுத்துவதற்கும், மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனால் நீர் கொட்டுவதற்கும் இதுவே காரணம். மூடாத கண்ணின் கருவிழிப் படலம் காய்கிறது. காய்ந்த இடத்தில் சிறு புண் வருகிறது. புண்ணில் கிருமி தொற்றினால் பார்வைக்கே கேடு. ஆகவே இந்த அறுவையை வெறும் அழகுக்கானது என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

இமையை மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளலாம். வெளியே தோலும் தசையும். நடுவே தடுப்புச் சவ்வும் இமையைக் கீழே இழுக்கும் தசைநாரும். உள்ளே இமைக்கு விறைப்புத் தரும் இமைத்தகடும், கண்ணைத் தொடும் மெல்லிய சவ்வும். உள்துணி சுருங்கிவிட்ட ரவிக்கையில், வெளித்துணி சரியான அளவில் இருந்தாலும் ஓரம் இழுபட்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நடு அடுக்கும் உள்ளடுக்கும் குட்டையாகிப்போன இமையின் நிலையும் அதுவே. தையற்காரர் அந்த உள்துணியைப் பிரித்து நடுவே ஒரு துண்டை வைத்துத் தைப்பது போல, அறுவை மருத்துவரும் இமையின் உட்புறமாகத் திறந்து, கீழே இழுக்கும் நாரை விடுவித்து, அதற்கும் இமைத்தகட்டின் கீழ் விளிம்புக்கும் இடையே ஒட்டுத்திசுவை வைத்துத் தைக்கிறார். அந்தத் துண்டு எந்தத் துணி என்பதுதான் இங்கே ஒப்பிடப்படும் பொருள்.

துண்டே வேண்டாத இமைகளும் உண்டு என்பதால், பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவர் விரலால் செய்யும் சோதனையைக் கவனிக்க வேண்டும். இமையின் வெளிமுனையை மட்டும் ஒரு விரலால் மேலும் பின்னுமாக இழுத்த உடனே இமை தன் இடத்துக்கு வந்துவிட்டால், தளர்ந்த முனையை இறுக்கிக் கட்டினாலே பெரும்பாலும் போதும். இன்னொரு விரலை இமையின் நடுவில் வைத்து மேலே தள்ளினால்தான் ஏறுகிறதென்றால், உள்ளே நீளம் போதவில்லை என்று பொருள். ஒட்டுத்திசு இங்கேதான் தேவைப்படுகிறது. மூன்றாவது விரலால் கன்னத்தையும் சேர்த்துத் தூக்கினால்தான் இமை ஏறும் என்ற நிலையில், வெளித்தோலும் பற்றாக்குறையாகிவிட்டது. கன்னத்தைத் தூக்கும் அறுவையோ தோல் ஒட்டுதலோ சேராமல் உள்ளே எந்தப் பொருளை வைத்தும் பயன் வராது. அந்த அம்மாவுக்கு இரண்டு விரல் வேண்டியிருந்ததை மருத்துவர் கண்ணாடியில் காட்டியிருக்கிறார். அப்படிக் காட்டும் மருத்துவர் கிடைத்தது அவருடைய நல்ல காலம்.

அவருக்கு இமை இறங்கியது தைராய்டு நோயால். கண்ணுக்குப் பின்னால் உள்ள கொழுப்பும் தசைகளும் வீங்கி விழியை முன்னே தள்ளுவதோடு, விழியைக் கீழே திருப்பும் கீழ்நேர் தசை இறுகும்போது அதோடு இணைந்த நார் இமையையும் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. இவ்வகையில் அவசரம் கூடாது. இரத்தத்தில் தைராய்டு அளவு சீராகி, கண்ணின் அளவுகளும் சுமார் 6 மாதம் மாறாமல் நின்ற பிறகே இமையில் கை வைப்பார்கள். விழி அதிகம் பிதுங்கியிருந்தால் முதலில் விழிக்குழியை விரிவாக்கும் அறுவை, பின்பு மாறுகண் அறுவை, கடைசியாகத்தான் இமை அறுவை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், இன்று அளந்து வைத்த ஒட்டு நாளைக்கு அளவு தப்பிவிடும். வீட்டில் புகைப்பவர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். புகை தைராய்டுக் கண்ணோயை மோசமாக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை.

இனி மேலண்ணம். 1985இல் ஸீகல் என்னும் மருத்துவர் இமை மறுசீரமைப்புக்கு அண்ணச் சவ்வைப் பயன்படுத்திய முறையை வெளியிட்டார். கீழிமை இறக்கத்துக்கு இன்றும் பல அறுவை மருத்துவர்கள் மற்றப் பொருள்களை இதோடு ஒப்பிட்டே எடைபோடுகிறார்கள். காரணம் எளிது. இமைத்தகட்டைப் போல விறைப்பும் வளைவும் உள்ள திசு. அதன் ஒரு பக்கத்தில் ஏற்கெனவே சவ்வு இருப்பதால் கண்ணைத் தொடும் பக்கத்துக்குத் தனி மூடி தேவையில்லை. சொந்த உடம்பிலிருந்து வருவதால் உடம்பு அதை வெளியே தள்ளுவதில்லை. பதப்படுத்தி விற்கும் பொருள்களைவிடக் குறைவாகவே சுருங்குகிறது. அண்ணத்தின் நடுக்கோட்டுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட பகுதியில், கடைவாய்ப் பற்களுக்கு உட்புறமாக வரும் இரத்தக் குழாயை விலக்கி, நீள்துண்டாக எடுப்பார்கள். வாய்ப்புண் தையலின்றித் தானாகவே உள்ளிருந்து வளர்ந்து, 2 முதல் 4 வாரத்தில் மூடிக்கொள்ளும்.

குறைகளும் சிறியவை அல்ல. அண்ணத்தின் மேற்பரப்பு சோற்றையும் எலும்பையும் தாங்கப் பிறந்த தடித்த பரப்பு. கண்ணின் உட்சவ்வைப் போல மென்மையானது அன்று. சிலருக்கு அது கருவிழியில் உராய்ந்து மாதக் கணக்கில் உறுத்தலைத் தரும். இரத்தம் கசிவதும் உண்டு. எங்கள் ஊரில் நான் இதைவிடக் கவலைப்படுவது வேறொன்று. தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைப் பெண்களில் வெற்றிலை பாக்குப் போடாதவர்கள் குறைவு. பிரட்டுக்கு (காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும் முன் ஒரு வாய், ரப்பர் மரம் சீவி முடித்துப் பால் சேகரிக்கும் முன் ஒரு வாய் என்று முப்பது நாற்பது ஆண்டு மென்ற வாயின் உட்சவ்வு, நாராகி இறுகிப் போகக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. அந்த அம்மாவை வாயை அகலத் திறக்கச் சொன்னேன். மூன்று விரல்களைச் செங்குத்தாக வைத்தால் நுழைய வேண்டிய வாயில் இரண்டுதான் நுழைந்தன. கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் கயிறு போல் தட்டுப்பட்டது. அத்தகைய வாயிலிருந்து கண்ணுக்குத் திசு எடுப்பது பற்றிப் பேசும் முன், அந்த வாயையே பல் மருத்துவர் பார்க்க வேண்டும். வாய் திறவாமை மயக்க மருந்து கொடுப்பவருக்கும் இடைஞ்சல் என்பதால், வெற்றிலைப் பழக்கத்தை ஒளிக்காமல் சொல்லச் சொன்னேன். நிபுணர் அதைக் கேட்கவில்லை. இவரும் வெட்கத்தால் சொல்லவில்லை. நாக்கின் அடியிலோ கன்னத்திலோ வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ இருந்தால், கண் அறுவைக்கு முன்பே காட்ட வேண்டியது அதுதான்.

மேல்தாடைக்கு முழுப் பல்செட் அணிபவருக்கும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவருக்கும், சர்க்கரை கட்டுப்படாதவருக்கும் அண்ணம் தொல்லையான இடம். அந்த அம்மாவுக்குச் சர்க்கரையும் இருந்தது, இதயத்துக்காக ஆஸ்பிரினும் இருந்தது. மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது என்பதை மகளிடம் இரண்டு முறை சொன்னேன். அதை முடிவு செய்ய வேண்டியவர் இதய மருத்துவரே.

காதுக்கு வருவோம். எடுப்பது காதுத் துளைக்கு அருகே கிண்ணம் போலக் குழிந்திருக்கும் பகுதியின் குருத்தெலும்பை. காதின் பின்பக்கம் கீறி எடுப்பதால் தழும்பு முன்னால் தெரியாது. வெளிவிளிம்பைத் தொடாததால் காதின் வடிவமும் கெடாது. காதைத் தொடுவார்கள் என்றதும் அந்த அம்மாவின் கை தோட்டின் மேல் போனது. தோடு தொங்கும் சோணைக்கும் குருத்தெலும்பு எடுக்கும் குழிக்கும் தொடர்பே இல்லை, சோணையில் குருத்தெலும்பே கிடையாது என்று தொட்டுக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது. குருத்தெலும்பு மிகக் குறைவாகவே சுருங்குகிறது. இமையைத் தாங்கும் வலிமையும் அதற்கு உண்டு. வாய்ப்புண்ணைவிடக் காதுப்புண்ணோடு வாழ்வது எளிது. அன்றிரவே சோறு சாப்பிடலாம்.

ஆனால் அதற்குச் சவ்வு கிடையாது. இமையின் சொந்தச் சவ்வை அதன் மேல் மூட வேண்டும், அல்லது அடுத்த சில வாரங்களில் சவ்வு அதன் மேல் படர்ந்து வளர விட வேண்டும். அதுவரை கருவிழியைக் காக்கக் கட்டு லென்ஸ் (கட்டுப் போல மூடும் மென்லென்ஸ்) தேவைப்படலாம். குருத்தெலும்புக்குத் தன் பழைய வளைவுக்கே திரும்பும் இயல்பும் உண்டு. மெலிதாகச் செதுக்காமல் வைத்தால், மெல்லிய தோலுக்குக் கீழே அதன் ஓரம் கோடாகத் தெரியும். குனிந்து பார்க்கும்போது இமை விறைத்து நிற்கும். ஆகவே இது பொருளைவிடக் கையைப் பொறுத்த வேலை. இன்னொன்றை நம்மவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்: காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்துப் புடைத்து வளர்ந்ததா? கருமை நிறத் தோலில் இத்தகைய தழும்பு வளர்ச்சி கூடுதலாகக் காணப்படுகிறது. அது விரும்பி வரும் இடங்களில் காதும் ஒன்று. அந்த அம்மாவின் சோணையைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஐம்பது ஆண்டுக்கு முன் குத்திய துளை, ஊசி முனை அளவுக்குத் தட்டையாக, சுத்தமாக இருந்தது.

தாளில் இல்லாத ஒரு வழியையும் பேசினோம்: மேலிமையின் தகடு. கீழிமைத் தகட்டின் உயரம் சுமார் 4 மில்லிமீட்டர் என்றால், மேலிமைத் தகட்டுக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். விளிம்பை ஒட்டி 4 மில்லிமீட்டரை விட்டுவைத்து, அதற்கு மேலிருந்து சவ்வோடு சேர்த்துச் சிறு துண்டை எடுக்கலாம். இனத்துக்கு இனம் சேர்வது போல இமைக்கு இமையே பொருந்துகிறது. மென்மையிலும் தடிப்பிலும் இதற்கு நிகர் வேறில்லை. கிடைப்பது சிறிதே என்பதும், நன்றாக இருக்கும் இன்னோர் இமையைப் பணயம் வைக்கிறோம் என்பதும் இதன் விலை. தைராய்டு நோயாளிக்கு மேலிமையும் பெரும்பாலும் மேலே இழுபட்டிருக்கும். பிற்பாடு அதற்கும் அறுவை தேவைப்படலாம். எனவே நிபுணர் இதை எழுதாமல் விட்டது சரியே.

மூன்றாவது வழி, வாங்கி வைக்கும் பொருள். அல்லோடெர்ம் என்பது, இறந்தவர்கள் தானமாகத் தந்த தோலிலிருந்து உயிரணுக்களை எல்லாம் நீக்கி, கொலாஜன் சட்டகத்தை மட்டும் மிச்சம் வைத்துப் பதப்படுத்தியது. உயிரணு இல்லாததால் உடம்பு அதைப் பகையாகக் கருதாமல், தன் இரத்தக் குழாய்களையும் உயிரணுக்களையும் அதற்குள் வளர விடுகிறது. உடம்பில் இரண்டாவது புண் இல்லை, அறுவை நேரம் குறைவு, வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். வாயும் காதும் உதவாதவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அண்ணத்தைவிட இது கூடுதலாகவும், முன்கூட்டிக் கணிக்க முடியாத வகையிலும் சுருங்குகிறது. அதனால் வேண்டிய உயரத்தைவிடப் பெரிதாகவே வெட்டி வைக்கிறார்கள். தாள் போன்ற இந்தப் பொருளில், மெல்லியதைவிடத் தடித்தது நன்றாக நிற்கிறது. எந்தத் தடிப்பு என்று கேட்பது நோயாளியின் உரிமை.

விலங்குத் தோலிலிருந்து செய்யப்படும் வகைகளைப் பற்றி நம் நாட்டில் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். என்டுராஜென் பன்றித் தோலின் கொலாஜன். கன்றின் தோலிலிருந்து வரும் வகைகளும் உண்டு. எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கு ஒன்று மனத்தடை என்றால், மாட்டிறைச்சியைத் தொடாத நம் வீட்டுக்கு மற்றொன்று மனத்தடை. மருத்துவத்துக்காக ஏற்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் முடிவு. அந்த முடிவை அறுவைக்கு முன்னால் எடுக்கும்படி, பொருள் எதிலிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்புதல் தாளில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் மூலம் தெரியாது. பணமும் உண்டு. அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கச் சிறு கட்டணம்தான் என்றாலும், இறக்குமதியாகும் உள்வைப்புப் பொருள்களுக்கு நோயாளியே பணம் கட்ட வேண்டி வருவதுண்டு. சொந்தக் காதுக்கு விலைப்பட்டியல் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தானம் பெற்ற வெள்ளைவிழிச் சவ்வு ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. கரைந்தும் சுருங்கியும் போவதால் மதிப்பிழந்துவிட்டது. தொடையின் நார்ப்பட்டையும், மேல்தோல் நீக்கிய சொந்தத் தோலும் சிலர் கையில் நன்றாக உதவுகின்றன. தோலில் முடிக்கால்கள் எஞ்சினால் கட்டி வரலாம். மூக்கின் நடுச்சுவர்த் திசு கீழிமைக்குத் தடிப்பு அதிகம். மெட்போர் எனப்படும் துளையுள்ள பாலியெத்திலின் தகட்டை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சுருங்காது என்பது உண்மைதான். ஆனால் மெல்லிய இமைக்குள் விறைத்து நின்று, சவ்வைக் கிழித்து வெளியே வந்து தொல்லை தந்த நேர்வுகள் நிறையப் பதிவாகியுள்ளன. துளைகளுக்குள் திசு வளர்ந்துவிட்ட பிறகு அதை எடுப்பதும் எளிதன்று.

பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் இளம்பெண் ஒருவருக்கும் இதே குறை. தனியார் கிளினிக் ஒன்றில் கண்ணுக்குக் கீழிருந்த கொழுப்புப் பையை எடுத்தபோது நடு அடுக்கில் தழும்பு விழுந்து இமை இறங்கிவிட்டது. வயது 31, வெற்றிலை இல்லை, சர்க்கரை இல்லை, பற்கள் எல்லாம் சொந்தம். வாய் முழுதும் ஆரோக்கியமாக இருக்கும் இவருக்கு அண்ணமே முதல் தெரிவு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வகுப்பில் நாள் முழுதும் பேசுபவர் என்பதால், அண்ணத்தை மூடும் நெகிழித் தகடு ஒன்றைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே செய்துகொண்டு, பள்ளி விடுமுறையில் தேதி வாங்குவது நல்லது. இரண்டு வாரம் ஆறிய கஞ்சி, மசித்த பருப்புச் சோறு; இரசமும் ஊறுகாயும் வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு மூன்று மாலைப் பேச்சின் முடிவில் காதுதான் என்று ஒத்த கருத்துக்கு வந்தோம். வாய் உதவாது, சுருங்கக்கூடிய பொருளுக்குப் பணம் கட்டி, இரண்டு ஆண்டில் மீண்டும் இமை இறங்கினால் மறுபடியும் அலைய வேண்டும், காதோ சுத்தமாக இருக்கிறது. காதின் குழியில் சிறு உருண்டைக் கட்டு ஒன்றைத் தைத்து ஒரு வாரம் விட்டுவைப்பார்கள், உள்ளே இரத்தம் தேங்காமலிருக்க. கீழிமையையும் மேல்நோக்கிப் பிடித்து வைக்கும் தையலால் சில நாள் அந்தக் கண் மூடியே இருக்கும். வீட்டுப் படியில் கைப்பிடி இல்லை, ஒற்றைக் கண்ணோடு இரவில் இறங்கக் கூடாது என்று மகளிடம் சொல்லி, மருமகனை விட்டு ஒரு குழாய்க் கம்பி அடிக்க வைத்தேன். அறுவைத் தேதி வரும்வரை இரவில் களிம்பும், பகலில் பாதுகாப்புப் பொருள் கலக்காத கண்ணீர்ச் சொட்டும் தொடர வேண்டும்.

மறுமுறை போகும்போது கேட்க வேண்டியவற்றை மகள் அதே தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். குருத்தெலும்பை மெலிதாகச் செதுக்குவீர்களா, அதன் மேல் இமைச் சவ்வை மூடுவீர்களா, வெளிமுனையையும் சேர்த்து இறுக்குவீர்களா, ஆஸ்பிரினைப் பற்றி இதய மருத்துவரிடம் யார் பேசுவது, வெற்றிலைப் பழக்கத்தை மயக்க மருத்துவரிடம் எப்போது சொல்வது. அந்த அம்மா எழுந்து செருப்பை மாட்டிய பிறகு திரும்பி வந்து, தான் எப்போதும் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவள் என்றார். இடக் காதிலிருந்து எடுக்க முடியுமா என்பதையும் மகள் கடைசி வரியாகச் சேர்த்துக்கொண்டாள்.